கையைக் கொடுக்காத அக்கா

சாவதென்றால் மனிதன் சுவருள்ள இடத்தில் சாகவேண்டும். நான் சாகப் படுத்தது நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு வீட்டுக்குள், வாழைமரத்துக்குக் கீழே. வெளியே பனி வழிக்க வந்த மனிதன் சவள் தடியில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். படுத்தவன் ஒழுங்காகச் செத்திருந்தால் ஒரு மரியாதையாவது மிஞ்சியிருக்கும். சாகவில்லை. வெட்கக்கேடு அங்கேதான் தொடங்குகிறது.

அந்தக் கதைக்குப் பிறகு ஆறுதலாக வருகிறேன். முதலில் அந்த அக்காவைச் சொல்லவேண்டும்.

பெயர் எழுதமாட்டேன். எழுதினால், கனடாவில் எங்கட ஆக்கள் கூடி வாழ்கிற மல்வேர்னில் பாதிச் சனம், "அவ எங்கட மச்சாளெல்லோ" என்று ரெலிபோன் எடுக்கும். மற்றப் பாதி, "ஆர், அந்தப் பெருமை பிடிச்ச மனுசியோ?" என்று கேட்கும். அந்த மற்றப் பாதியில் நானும் கொஞ்சக் காலம் அங்கத்தவனாக இருந்தவன்தான்.

சனம் குருவி பார்க்க வருகிற அந்தக் கண்ணாடி வீடு நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூக்கு விறைத்து உதிர்ந்துவிடும் போலிருக்கிற மாசிக் குளிரிலும் அங்கே வாழை குலை தள்ளி நிற்கும். அக்கா அங்கே குருவிகளுக்குப் பொறுப்பு. அதற்கென்றே பல்கலைக்கழகத்தில் படித்தவர். நான் அந்த வீட்டைச் சூடாக்குகிற பொயிலருக்குப் பொறுப்பு. அதற்கென்று நான் படித்தது குறைவு, பயந்தது கூட. பொயிலர் நின்றால் என்னை அங்கே அனுப்புகிற கொம்பனி முதலாளி ஏசுவார், கண்ணாடி வீட்டு மனேச்சர் ஏசுவார், வாழை வாடும், குருவி சாகும். ஆகவே பொயிலர் நல்லாய் ஓடுகிற நாளிலும் நான் அதற்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற புருசன் மாதிரி நிற்பேன்.

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது முகம் இல்லை. கைகள் இல்லாத ஓர் உருவம். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை மண்டபத்தில் உலாவுகிற மேற்பார்வையாளர் போல, செடிகளுக்கு நடுவே மெல்ல மெல்ல நடப்பார். குருவியைக் காட்டவேண்டுமென்றால் விரல் நீட்டமாட்டார், முகத்தை உயர்த்தி நாடியால் காட்டுவார். பார்க்க வந்த சனம் விரலை நீட்டினால் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நிற்பார். விரல் தானாக மடங்கிவிடும்.

நான் முதன்முதல் உள்ளே போன நாள், என் மூக்குக்கு முன்னால் ஏதோ ஒன்று 'ர்ர்ர்' என்று அந்தரத்தில் நின்றது. வண்டு என்று நினைத்துக் கையால் விசுக்கப் போனேன்.

"கையை எடும் ஐசே."

சத்தம் பெரிசில்லை. ஆனால் என் கை நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் "ஐசே" என்பது கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற ஆம்பிளைகளின் சொத்து. ஒரு பெண்ணின் வாயிலிருந்து அது வந்தபோது, என்னை அறியாமல் சேட்டுக் கொலரை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

"வண்டு அக்கா."

"வண்டில்லை. கண்ணைத் திறந்து பாரும்."

பார்த்தேன். என்னுடைய பெருவிரல் அளவு. தலையில் செம்பழுப்புக் கொண்டை. கன்னம் இரண்டிலும் விசிறி விரித்த மாதிரி இறகு, ஒவ்வொரு இறகின் நுனியிலும் பச்சைப் பொட்டு. கலியாண வீட்டில் மாப்பிள்ளையை விடக் கூட உடுத்திக்கொண்டு வருகிற தோழன் மாதிரி ஒரு தோற்றம்.

"தேன்சிட்டோ?"

"தேன்சிட்டு கொப்பில இருந்து குடிக்கும். இது காத்தில நிண்டு குடிக்கும். ஹம்மிங்பேர்ட். அதிலயும் சின்னச் சாதி. திரினிடாட், வெனிசுவேலாப் பக்கத்து ஆள்."

"எவ்வளவு நிறை வரும்?"

"முந்தி இஞ்ச ஒரு சதக் காசு இருந்ததெல்லோ, பிறகு எடுத்துப்போட்டாங்கள். அந்த நிறை."

செல்லாக் காசின் நிறையில் ஓர் உயிர். அதற்குச் சூடு கொடுக்கிறவன் நான். அன்றைக்கே என் நெஞ்சு ஒருக்கால் 'படக்' என்றது. அதை அப்போதே கவனித்திருக்கலாம்.

கண்ணாடி வீட்டில் பெரிய சாதி ஹம்மிங்பேர்டுகளும் இருந்தன. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பூமரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, வேறு யார் வந்தாலும் கலைக்கும். சண்டையென்றால் சண்டை, காணி வேலிச் சண்டை. அவ்வளவு சண்டைக்கும் நடுவில் இந்தச் செல்லாக் காசு, மற்றக் குருவிகளைப் போலப் பாயாமல், வண்டு மாதிரி மெதுவாக ஆடி ஆடி மிதந்து போய், பெரியவரின் பூவிலேயே குடித்துவிட்டு வரும். பெரியவர் இது ஏதோ வண்டு என்று விட்டுவிடுவார்.

"கெட்டித்தனம்," என்றேன்.

"கெட்டித்தனமில்லை ஐசே. வழியில்லாட்டி அப்பிடித்தான் போகவேணும். நானும் கனடாவுக்கு அப்பிடி வந்தனான்தான்."

அவர் தன்னைப் பற்றி எனக்குச் சொன்னது கிட்டத்தட்ட அவ்வளவுதான். இன்னொரு நாள் ஆண்குருவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வருவாராம், பெட்டைக்கு முன்னால் கொண்டையை விரித்து ஆடுவாராம், போய்விடுவாராம். கூடு கட்டுவது, முட்டையில் இருப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் பெட்டை தனியத்தானாம்.

வாய் சும்மா இருக்குமா? "அப்ப அத்தானும் அப்பிடித்தானோ அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"நீர் இப்ப என்னைக் கேக்கிறீரோ, குருவியைக் கேக்கிறீரோ?"

"குருவியைத்தான்."

"குருவிக்கு அத்தான் இல்லை. போய் உம்மட பொயிலரைப் பாரும்."

அவரோடு கதைத்துவிட்டு வந்தால் எனக்கு ஒவ்வொரு முறையும், பள்ளிக்கூடத்தில் பிழை விட்டு, உட்காருகிற வாங்கில் மேலேயே ஏறி நின்றுவிட்டு இறங்கிய மாதிரித்தான் இருக்கும். ஆனாலும் அடுத்த முறையும் போவேன்.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் நான் செய்த வேலையைக் கேளுங்கள். பொயிலரைப் பார்த்து முடித்து நிமிர்ந்தால், சுடுதண்ணிக் குழாய் நெடுகலும் சிலந்தி ஒட்டறை. நாளைக்குப் பொங்கல். ஒட்டறையைக் கண்டால் தும்புத்தடியைத் தேடுகிற இரத்தம் எங்களுடையது. வீட்டில் மனுசி ஒரு கிழமையாகச் சொல்லியும் நான் பேஸ்மன்ட்டில் ஒரு மூலை அடிக்கவில்லை. ஆனால் பிறத்தியாரின் இடத்தில் எனக்கு எப்போதும் சுறுசுறுப்பு. முழுக் குழாயையும் அடித்துத் துடைத்து, தும்புத்தடியின் தலையில் பஞ்சுமிட்டாய் மாதிரி ஒட்டறை சுற்றியிருக்க, வெற்றிவீரனாகத் திரும்பினேன். பின்னால் அக்கா. கை பின்னால்.

"என்ன ஐசே செய்யிறீர்?"

"நாளைக்குப் பொங்கலெல்லோ அக்கா. அதுதான் ஒரு கடமைக்கு..."

"பெட்டை கூடு கட்டத் தொடங்கியிருக்கு. பஞ்சை ஒட்டச் சீமெந்து வேணுமெல்லோ? அந்தச் சீமெந்துக்கெண்டு நான் எத்தினை மாதமாச் சிலந்தி வளர்த்து வைச்சிருக்கிறன் தெரியுமே? எல்லாத்தையும் நீர் தடியில சுத்தி வைச்சிருக்கிறீர்."

எனக்கு வேர்த்தது. கண்ணாடி வீட்டுச் சூடு என்று சொல்லிச் சமாளிக்கலாமென்றால், சூடு கொடுக்கிறவன் நானே என்பதால் அதுவும் வாய்க்கவில்லை.

அவர் தடியில் சுற்றியிருந்ததை நாடியால் காட்டினார். "உம்மட வீட்டில இருக்குமெல்லோ?"

இருந்தது. பொங்கலன்று விடிய, மனுசி பானையில் பால் பொங்கப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பேஸ்மன்ட்டில் குச்சியில் ஒட்டறை சுற்றி ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் கவனமாக வைத்துக்கொண்டிருந்தேன். மனுசி கண்டுவிட்டாள்.

"என்னப்பா உது?"

"ஒட்டறை. வேலையிடத்தில ஒரு அக்கா கேட்டவ."

"எங்கட வீட்டில ஒட்டறை இருக்கெண்டு ஊருக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"ஊருக்கில்லை. ஒரு குருவிக்கு."

அதற்குப் பிறகு மாலை வரைக்கும் அவள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் எங்கள் பேஸ்மன்ட் ஒட்டறை வீண்போகவில்லை. சுடுதண்ணிக் குழாய்க்கு மேலால் வளைந்து வந்த ஒரு மெல்லிய கொப்பில், அரைப் பாக்குக் கோது அளவில் ஒரு கூடு எழும்பியது. "சிலந்தி நூல் இழுபடும் ஐசே," என்றார் அக்கா. "குஞ்சு வளர வளரக் கூடும் விரிஞ்சு குடுக்கும். மார்க்கம் ரவுணில உங்கட ஆக்கள் கட்டுற மாளிகையள் அப்பிடி விரியுமே?" அந்தக் கண்ணாடி வீட்டில் அந்தச் சாதிக் குருவி கட்டிய முதல் கூடு அது. பிறகு முட்டை இரண்டு. கடலை அளவு. அக்கா அன்றைக்குச் சிரித்தார். கை மட்டும் முன்னுக்கு வரவில்லை.

அந்தக் கையைப் பற்றி எங்கட சனத்துக்குள் கதை இருந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் செத்தவீட்டில் நானே பார்த்தேன். சனம் வரிசையில் போய், செத்தவரின் மனைவியின் கையைப் பிடித்து அழுதுவிட்டு நகர்கிறது. அக்காவின் முறை வந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த அம்மாவுக்கு முன்னால் நின்றார். அந்த அம்மா நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அக்கா குனிந்து ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்குப் பின்னால் நின்றவர், "படிச்ச திமிர்," என்றார். நான் தலையாட்டினேன். வேலையிடத்திலும் அப்படித்தான். எல்லோரும் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் அவர் குடிக்கமாட்டார். "பிறகு குடிக்கிறன்" என்பார். கார் ஓடமாட்டார், பஸ்ஸில் வருவார். என்னுடைய வான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றால், "பஸ் வரும்" என்பார்.

இனி நான் செத்த கதை.

பெரிய குளிர் விழுந்த கிழமை. விடியப்புறம் ரெலிபோன்.

"ஐசே, கண்ணாடிக்குள்ள குளிருது. வாரும்."

நெடுஞ்சாலையில் வானை ஓட்டிக்கொண்டு போகும்போதே, மனேச்சருக்குச் சொல்லவேண்டிய மன்னிப்பு, முதலாளிக்குச் சொல்லவேண்டிய பொய், வேலை போனால் மனுசிக்குச் சொல்லவேண்டிய ஆறுதல், மூன்றையும் சத்தமாக ஒத்திகை பார்த்தேன். போய்ப் பார்த்தால் சின்ன விசயம். பொயிலரிலிருந்து வெளியே தண்ணீர் வடிகிற சின்னக் குழாய் உறைந்து அடைத்திருந்தது. அடைத்தால் பொயிலர் தானே நின்றுவிடும். கேத்தலில் சுடுதண்ணி வைத்து ஊற்றினேன். பொயிலர் 'கும்' என்று பிடித்தது. நான்தான் உலகத்தைக் காப்பாற்றியவன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே இன்னும் குளிர். மற்றக் குருவிகள் எல்லாம் தாங்களாகவே சூட்டு விளக்குகளுக்குக் கீழே போய் ஒதுங்கியிருந்தன. அந்தப் பெட்டை மட்டும் கூட்டை விட்டுப் போகவில்லை. அக்கா கூட்டுக்கு முன்னால் நின்றார். கை பின்னால். நான் எட்டிப் பார்த்தேன்.

பூவில் தேன் குடிக்கிற சொண்டு மேலே வானத்தைப் பார்த்தபடி. இறகெல்லாம் சிலிர்த்து, கண் மூடி. மூச்சு இல்லை. மரத்தில் செய்து வைத்த பொம்மை மாதிரி.

"செத்துப்போச்சு!" என்று கத்தினேன்.

"சாகேல்லை. கத்தாதையும்."

அவர் எனக்கு முன்பே சொல்லித் தந்திருந்தார். சாப்பாடு காணாவிட்டால், குளிர் கூடினால், இந்தக் குருவி தன்னுடைய தேர்மோஸ்ரற்றைத் தானே இறக்கிவிடும், இதயம் அடிப்பதும் குறைந்துவிடும், பார்த்தால் செத்தது மாதிரி இருக்கும், சூடு வரத் தானே எழும்பும் என்று. நானும் அப்போது பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டியவன். தலையாட்டுகிற நேரத்தில் எனக்கு ஒன்றும் உள்ளே போவதில்லை.

"பெட்டிக்குள்ள வையுங்கோ அக்கா! சூட்டுப் பெட்டி இருக்கெல்லோ, அதுக்குள்ள தூக்கி வையுங்கோ!"

"தூக்கினால் முட்டை போச்சு. இரும்."

அப்போதுதான் என் நெஞ்சு பிடித்தது. இடது கை விறைத்தது. பிறகு பார்த்தால் அந்தக் கையில்தான் குளிர்ந்த கேத்தலைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். மூச்சு வரவில்லை. அம்புலன்சுக்கு நானே போன் அடித்தேன், விலாசத்தை எழுத்துக் கூட்டிச் சொன்னேன், அதற்குப் பிறகு சாவதற்கு வசதியாக அக்காவுக்குப் பின்னால் வாழைமரத்தடியில் படுத்தேன்.

நான் சைவம். ஆனால் அன்றைக்குப் பிள்ளையாரைக் கூப்பிட்டுவிட்டு, அவர் வர நேரமாகலாம் என்று மாதாவையும் கூப்பிட்டேன். பிறகு கடைசி வார்த்தைகள். மரணப் படுக்கையில் மனிதர் தத்துவம் சொல்வார்களாம். நான் சொன்னது இது: "அக்கா, சப்பாத்தைக் கழட்ட விடாதேங்கோ. சொக்ஸ் ஓட்டை." பிறகு, "மனுசியிட்டச் சொல்லுங்கோ, தலைமயிருக்கு மை பூசிறது அவளுக்குத் தெரியாதெண்டு நான் நினைக்கேல்லை எண்டு." அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்கே விளங்கவில்லை. கடைசியாக, சின்னப் பிள்ளை மாதிரி:

"அக்கா, கையை ஒருக்கால் பிடியுங்கோ."

"மாட்டன். மூச்சை வெளிய விடும். நான் இஞ்சதான் நிக்கிறன்."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாகிறவனுக்குக் கை கொடுக்காத மனுசி. படிச்ச திமிர் என்றது சரிதான் என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை உலகத்தைப் பார்த்தேன். நான் கிடந்த இடத்திலிருந்து தெரிந்த உலகம் அக்காவின் முதுகு. முதுகுக்குக் கீழே அந்தக் கைகள்.

ஒரு கை மற்றக் கையின் மணிக்கட்டை, ஓடப் பார்க்கிற கோழியைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தது. பிடிபட்ட கை ஆடிக்கொண்டிருந்தது. விரல்கள் தனியாக, தங்கள் பாட்டுக்கு, ஓயாமல். குளிர் நடுக்கம் இல்லை அது. பயத்தில் வருகிற நடுக்கமும் இல்லை. பயநடுக்கத்தில் நான் நிபுணன், கண்டால் எனக்குத் தெரியும். பிடித்திருந்த கையும் சும்மா இருக்கவில்லை. முன்பக்கத்தில் அவர் கற்சிலை. பின்பக்கத்தில் ஒருவரும் பார்க்காத இடத்தில் இந்தப் போராட்டம். செத்தவீட்டில் நீட்டிய கையைப் பிடிக்காததும், குடிக்காத தேத்தண்ணியும், ஓடாத காரும் வரிசையில் வந்து என் முகத்துக்கு முன்னால் நின்றன. நான் தலையாட்டியதும் வந்து நின்றது.

அந்தக் கையைத்தான் எனக்குப் பிடிக்கத் தா என்று நான் ஓலமிட்டுக் கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போது பெட்டை நடுங்கத் தொடங்கியது. முதலில் முதுகு இறகு. பிறகு உடம்பு முழுக்க, கொப்பும் சேர்ந்து அதிருகிற அளவுக்கு. சொண்டு மெல்லக் கீழே இறங்கியது. ஒரு கண் திறந்தது. கொஞ்ச நேரத்தில் 'ர்ர்ர்' என்று எழும்பிப் போய்ப் பூவில் ஒரு வாய் குடித்துவிட்டு, திரும்பி வந்து முட்டையில் இருந்துகொண்டது. நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்பதையே மறந்து எழும்பி உட்கார்ந்திருந்தேன்.

அக்கா திரும்பினார். நான் இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கிருந்து என்ன தெரியும் என்று கணக்குப் போட்டார்.

"பாத்தீரா?"

"குருவியையோ?"

"சரி," என்றார்.

அம்புலன்சில் வந்தது எங்கட தமிழ்ப் பிள்ளை ஒன்று. நெஞ்சில் வயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், ஹார்ட் ஃபைன். ஜஸ்ட் பானிக் அட்டாக்," என்றது. பிறகு மெதுவாக, "சப்பாத்தைக் கழட்டட்டோ அங்கிள், நல்லா மூச்செடுக்கலாம்," என்றது. வேண்டாம் என்றேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் பிறந்தநாள் விழாக்களில் சொல்லிச் சிரிக்கிற ஒரு கதையாகப் போயிருக்கும். ஆனால் சில நாளில் மனேச்சர் எங்களிருவரையும் கூப்பிட்டார். குளிர் விழுந்தால் குருவியைச் சூட்டுப் பெட்டிக்கு மாற்றவேண்டும் என்பது அங்கே விதி. ஏன் மாற்றவில்லை என்று விசாரணை. போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. குருவியைப் பிடிப்பது, காலில் வளையம் போடுவது, குஞ்சுக்குத் துளி மருந்து விடுவது எல்லாம் கையால் செய்கிற வேலை. இந்தக் கையை மனேச்சர் கண்டால் அக்காவுக்கு அங்கே வேலை இல்லை. நான் எதையாவது செய்யவேண்டும். என்னிடம் இருந்ததோ என்னுடைய மானம் மட்டும்தான், அதுவும் ஏற்கெனவே வாழைமரத்தடியில் போனது. மிச்சத்தையும் கொடுத்துவிடலாம் என்று தீர்மானித்தேன்.

மனேச்சர் கேள்வியை முடிக்கமுன்னமே தொடங்கிவிட்டேன். என்னுடைய ஆங்கிலத்தைத் தமிழில் தருகிறேன், தமிழில் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பிழை முழுக்க என்னுடையது ஐயா. நான் நிலத்தில் கிடந்து குளறினேன். இவவின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நகத்தால் பிறாண்டினேன். அம்மா அம்மா என்று கத்தினேன். பாவம் இவ, என்னைப் பார்க்கிறதா, குருவியைப் பார்க்கிறதா? குருவியைத் தூக்க இவவுக்குக் கை எங்கே மிச்சம்?

நான் இன்னும் கொஞ்சம் அழுதும் காட்டியிருப்பேன்.

"ஐசே, வாயை மூடும்," என்றார் அக்கா.

பிறகு கைகளை முன்னுக்குக் கொண்டுவந்தார். இரண்டையும் மேசைமேல் வைத்தார். மேசைமேல் மனேச்சரின் கோப்பிக் கோப்பை இருந்தது. அதற்குள் கோப்பி வளையம் வளையமாக அதிரத் தொடங்கியது. மூன்று பேரும் அந்தக் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்த மனிசன் என்ர கையைத் தொடவே இல்லை," என்று மனேச்சருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். "கேட்டவர். நான் குடுக்கேல்லை. கொஞ்சக் காலமா இப்பிடி. டொக்டர் நோய்க்குப் பேர் வைச்சிட்டார், மருந்துக் குளிசை எடுக்கிறன். குருவியைத் தூக்காததுக்குக் காரணம் ரெண்டு. தூக்கினால் முட்டை போயிருக்கும். அது ஒண்டு. தூக்க நினைச்சாலும் இந்தக் கையால ஏலாது. அது மற்றது. ரெண்டும் உண்மை. அந்த நேரம் எது முதல் வந்தது எண்டு எனக்கே தெரியாது."

மனேச்சர் நல்ல மனிதர்தான். அவருக்கு முகம் சிவந்தது. மேலிடத்தோடு கதைக்கிறேன் என்றார். கதைத்தார்கள். மேசையில் இருந்து செய்கிற வேலை தருகிறோம் என்றார்கள். குஞ்சு பறக்கும்வரை நிற்கிறேன் என்று அக்கா சொன்னார். ஒரு முட்டைதான் பொரித்தது. மற்றது அந்தக் குளிரில் போனதா, முதலிலேயே பழுதா என்று ஒருவருக்கும் தெரியாது. பொரித்த குஞ்சு வளர வளர, எங்கள் பேஸ்மன்ட் ஒட்டறை இழுபட்டு விரிந்து கொடுத்தது. அது பறந்த கிழமையே அவர் வேலையை விட்டுவிட்டு மொன்றியலில் இருக்கிற தங்கச்சியிடம் போய்விட்டார். எனக்கோ, தனியே வேலைக்கு அனுப்பக்கூடாத ஆள் என்று கொம்பனியில் பெயர் விழுந்தது. இப்போதும் எங்கே போனாலும் கூட ஒருவன் வருகிறான். நான் பிறாண்டிய கதை பொய்யென்று மனேச்சருக்குத் தெரியும். ஆனாலும் கதையென்று வெளியே வந்தது அதுதான்.

அந்த விசாரணை நாளன்று, எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது காற்று முகத்தில் அறைந்தது. அக்கா பஸ் தரிப்பை நோக்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"ஏன் அக்கா சொன்னனீங்கள்? நான் சமாளிச்சிருப்பனெல்லோ."

"நீர் சமாளிச்ச விதத்தைக் கண்டுதான் ஐசே எனக்குப் பயமே வந்தது."

"உங்கட வேலை போயிடுமெண்டுதானே அக்கா..."

"நான் கேட்டனானே?"

கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. சப்பாத்துக்குள் என் கால்விரல் எல்லாம் சுருண்டது. எனக்கு ஏற்கெனவே பல சாதி வெட்கம் பழக்கம். இது புதிசாக இருந்தது.

தரிப்பில் நின்று அவர் ஜக்கெற்றின் இழுவைச் சிப்பைப் பூட்டப் பார்த்தார். கட்டடத்துக்குள்ளேயே மறைவில் பூட்டிக்கொண்டு வருகிற பழக்கம்போல. இன்றைக்கு மறந்துவிட்டார், அல்லது மறைக்க இனி ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார். சிப்பின் கீழ்நுனியை அந்தச் சின்னப் பொந்துக்குள் விடவேண்டும். கை ஆடியது. தவறியது. திரும்பவும் தவறியது. என்னுடைய கை தானாக முன்னுக்குப் போனது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். அவ்வளவுதான். கையை எடுத்துப் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற ஒரு சீன மனுசி என்னை முறைத்தாள். ஒரு பெண் குளிரில் இவ்வளவு பாடுபட, பார்த்துக்கொண்டு நிற்கிறானே எருமை என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும் என்று விட எனக்குத் தைரியம் போதாது. விளக்கம் சொல்ல வாய் உன்னியது. வாயையும் பூட்டிக்கொண்டு நின்றேன். மூக்கு விறைத்தது, காது விறைத்தது. சிப் தவறியது. அவர் அவசரப்படவில்லை. பஸ் தூரத்தில் தெரிந்தது. நான் பஸ்ஸைப் பார்த்தேன், சிப்பைப் பார்த்தேன். பிறகு நுனி பொந்துக்குள் இறங்கியது. 'சர்ர்' என்று கழுத்து மட்டும் ஏறியது.

என் கைகள் இரண்டும் பொக்கற்றுக்கு வெளியே வந்துவிட்டன.

"கை தட்டினீரோ, கொல்லுவன்," என்றார்.

தட்டவில்லை. பஸ் அவரை ஏற்றிக்கொண்டு, தெரு முடக்கில் திரும்பி மறையும்வரைக்கும் தட்டவில்லை.